இடச் சுற்று

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கை நடுங்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். குதிரையை நீவிவிடுகிற நேரத்தில் மட்டும் இரண்டும் அடங்கிக் கிடக்கும். "இது உனக்குப் பண்ற வைத்தியம் பொன்னாயி, குதிரைக்கு இல்ல" என்று என் வீட்டுக்காரர் சாமிதுரை கேலி பண்ணுவார். பண்ணிவிட்டுப் போகட்டும். அந்த மனிதருக்கு வாய் ஒன்றுதான் முழுசாகத் திரும்பி வந்தது.

பட்டாளத்திலிருந்து அவர் வந்தது நாற்பத்தாறாம் வருஷம் தை மாசம். பர்மா மலைகளில் கோவேறு கழுதைகளை வைத்துச் சாமான் ஏற்றுகிற கம்பெனியில் நான்கு வருஷம் இருந்தார். அரியலூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போது வலது கையைத் துண்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார். நான் துண்டைப் பிடுங்கிப் பார்த்தேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் மூன்றும் இல்லை. மிரண்ட கழுதையின் கயிறு சுற்றி இழுத்ததில் போய்விட்டதாம்.

"லெட்டர்ல ஒரு வார்த்தை எழுதக் கூடாதாய்யா?" என்று ஸ்டேஷன் என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"எழுதுற கைதானே புள்ள போச்சு" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

அங்கே அவர் கற்றுக்கொண்டது ஒரு வித்தை. நொண்டுகிற மிருகத்துக்கு எந்தக் காலில் வலி என்று தலையாட்டத்தை வைத்தே சொல்லிவிடுவார். எங்கே தவிட்டு ஒற்றடம், எங்கே நீவல், எங்கே வைக்கோலைப் பிரியாக முறுக்கித் தேய்க்க வேண்டும் என்பதெல்லாம் தலைக்குள் இருந்தது. செய்வதற்கு விரல் இல்லை. எனக்கு விரல் இருந்தது. பச்சைப் பிள்ளைகளுக்கு உருவிவிடுவதும் பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பு நீவிவிடுவதும் என் வேலை. எங்கள் தெருவில் மட்டுமல்ல, மேலத்தெருவிலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை பிறக்கிற அந்தப் பத்து நாளைக்கு மட்டும் என் கைக்குத் தீட்டுக் கிடையாது.

கீழப்பழுவூருக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரில் வைரக்கண்ணு பெரிய நிலக்காரர். ஒவ்வொரு வைகாசியிலும் மாரியம்மன் புறப்பாட்டில் சாமிக்கு முன்னால் அவர் வீட்டுக் குதிரைதான் ஆடிக்கொண்டு போகும். அந்தக் குதிரைக்குப் பவளம் என்று பேர். செவலை நிறம். நான்கு காலிலும் சலங்கை கட்டி, தவில் அடிக்கு ஏற்றாற்போல முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து அவள் வருவதைப் பார்க்கச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கூடும். நான் பார்த்ததில்லை. சாமி புறப்படுகிற நாளில் தேரோடும் தெருவுக்குள் எங்கள் ஆட்கள் கால் வைப்பதில்லை.

அந்த மாசியில் பவளம் வலது முன்னங்காலைத் தூக்க மறுத்தாள். நடந்தால் தலை ஆடியது. பெரம்பலூர்ப் பக்கம் பெரியசாமி என்று ஒருவர் இருந்தார். மாடு, குதிரைகளுக்குச் சூடு போடுவதில் பேர் எடுத்தவர். அவர் வந்து பார்த்துவிட்டு முட்டிக்கு மேல் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிப் போயிருந்தார். சூட்டுப் புண் ஆற இரண்டு மாசம் பிடிக்கும் என்பதால் உடனே போட்டுவிட வேண்டும் என்று வைரக்கண்ணு துடித்தார்.

விஷயம் காதில் விழுந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் குதிரைக் கொட்டகைக்குப் போனோம். பவளம் என் தலையை முகர்ந்து பார்த்து, எண்ணெய் வைத்த முடியை உதட்டால் பிடித்து இழுத்தாள். அவளுக்கு இரும்பைப் பழுக்கக் காய்ச்சி வைக்கப் போகிறார்கள் என்று நினைத்ததும் எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை. ஆறு மாசக் குழந்தையாக இருந்தபோது மாந்தம் என்று சொல்லி என் வயிற்றில் மூன்று இடத்தில் சுட்டிருக்கிறார்கள். தழும்பு இன்னும் இருக்கிறது. எதற்குச் சுடுகிறார்கள் என்று குழந்தைக்குத் தெரியாது. குதிரைக்கும் தெரியப் போவதில்லை. என்னைச் சுட்டவர்கள் செத்துப்போய் வருஷமாகிவிட்டது, அவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

"பத்து நாள் குடுங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

வைரக்கண்ணு சிரித்துவிட்டார். "என்னாடா சாரு? பட்டாளத்துல குடுத்தானுவளா?"

"பழக்கதோசம், வாயில வந்துடுச்சுங்க ஆண்டை."

"சரி, பத்து நாள். பதினோராம் நாள் பெரியசாமி வந்துடுவான். அதுக்கு மேல ஒரு நாழி கெடையாது."

அன்றைக்கே ஆரம்பித்தோம். அவர் தூணில் சாய்ந்து நின்று சொல்லுவார், நான் செய்வேன். "கண்ண மூடிக்க. மொதல்ல வெறுங்கை, எண்ணெ அப்புறம். கழுத்துலேருந்து கீழ வா. சூடு எங்க இருக்கு? இறுக்கம் எங்க இருக்கு? ஒரு பக்கம் தொட்டா அதே எடத்த அந்தப் பக்கமும் தொட்டுப் பாரு." முட்டியில் சூடும் இல்லை, வீக்கமும் இல்லை. குளம்பிலும் ஒன்றும் இல்லை. வலது தோள்பட்டைக்கு வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. அந்தச் சதை அம்மிக்கல் கணக்காக இறுகிக் கிடந்தது. இடது தோள் அப்படி இல்லை.

"காலுல நோவு இல்லய்யா, தோளுல இருக்கு."

"அதான் பாத்தேன்" என்றார். அவர் என்னத்தைப் பார்த்தார், கண்டுபிடித்தது நான்.

இலுப்பெண்ணெயைக் காய்ச்சி ஊற்றி நீவினேன். நொச்சியும் தவிடும் வறுத்து ஒற்றடம் கொடுத்தேன். அவர் பல்லில் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு வைக்கோல் பிரி முறுக்கித் தருவார், அதை வைத்துத் தேய்ப்பேன். சாயங்காலத்துக்குள் தோள் இளகிவிடும். பவளம் கீழுதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கி வழிவாள். மறுநாள் மத்தியானம் போய்த் தொட்டால் மறுபடியும் அம்மிக்கல். ஐந்து நாள் இதே கதைதான்.

"கழுதைக்குப் படிச்ச வைத்தியத்தக் குதிரைக்கு ஓட்டுறியா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பிரியை முறுக்கினார்.

ஆறாம் நாள் காலையில் தண்ணீருக்குப் போனேன். வைரக்கண்ணுவின் களத்தை ஒட்டித்தான் வழி. அவர் களத்துக்கு நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, பவளம் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நொண்டிக்கொண்டேதான் வந்தாள். கால் மரத்துப்போகக் கூடாது என்று தினமும் இருபது சுற்று விடுவாராம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். வலமாகப் போனாள். மறுபடியும் வலம். இருபதும் வலம். எனக்கு இடுப்பு வலித்ததால் குடத்தை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றி வைத்தேன். வைத்ததும் வலி விட்டது. அப்படியே தண்ணீர் எடுக்காமல் வெறுங்குடத்தோடு வீட்டுக்கு ஓடினேன்.

"உங்க கம்பெனியில கழுதைய எந்தப் பக்கமாய்யா சுத்த உடுவீங்க?"

"ரெண்டு பக்கமும்தான். பத்து வலது, பத்து எடது. இது என்னா கேள்வி?"

"நம்மூருல எவன்யா எடதா சுத்துவான்?"

அவர் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு விரல் கையால் தலையில் அடித்துக்கொண்டார். "அட முட்டாப்பய மவனே" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் கோயிலைச் சுற்றினாலும் வலம்தான், பொண்ணு மாப்பிள்ளை சுற்றினாலும் வலம்தான். சுடுகாட்டில் கொள்ளிக்குடத்தோடு சுற்றும்போது மட்டும்தான் இடம். அதனால் நல்ல காரியத்துக்கு ஆடுகிற குதிரையை யாரும் இடப்பக்கம் திருப்பியதே இல்லை. புறப்பாட்டில் நான்கு முக்கும் வலது. களத்தில் பழக்குவதும் வலது. நோவு வந்த பிறகு நடக்கவிடுவதும் வலது. ஒன்பது வருஷமாக அவள் உடம்பு ஒரே பக்கம் வளைந்திருக்கிறது. நான் சாயங்காலம் இளக்கியதை வைரக்கண்ணு காலையில் பக்தியோடு இறுக்கிக்கொண்டிருந்தார்.

இதைப் போய் யாரிடம் சொல்வது? சொல்லாமலே செய்தோம். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, கொட்டகைக்குப் பின்னால் கிணற்றை ஒட்டிப் பவளத்தை இடமாக மெல்ல நடத்தினோம். முதலில் அவளுக்கே தெரியவில்லை. நான்கு எட்டு வைத்துவிட்டு வலது பக்கமே முறுக்கிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் அவள் தாடையில் கை கொடுத்து, கழுதையிடம் பேசுகிற இந்துஸ்தானியில் என்னவோ கெஞ்சினார். இரண்டாம் நாள் நன்றாகச் சுற்றினாள். அன்றைக்குத் தோளில் தொட்ட இடத்தில் என் விரல் கொஞ்சம் உள்ளே போனது. எனக்கு அங்கேயே குலவை போடத் தோன்றியது.

மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டோம். வைரக்கண்ணுவின் சம்சாரம் ரத்தினம்மாள் வைக்கோல் போர்ப் பக்கம் வந்தவர், பார்த்ததும் அலறினார்.

"அடிப் பாவி! சாவு வூட்டுச் சுத்தா சுத்துற? எங்க வூட்டு ஆம்பள குத்துக்கல்லாட்டம் இருக்கையில!"

வைரக்கண்ணு வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் கறுத்துவிட்டது. "பாவம்னு பத்து நாள் குடுத்தேன், நீ எனக்குப் பாடை கட்டுறியா? பெரியசாமி நாளைக்கே வரான். நீங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கம் தல காட்டக் கூடாது."

"குதிரைக்கு எடம் வலம் தெரியுமா ஆண்டை?" என்று நான் ஆரம்பித்தேன். கை நடுங்கத் தொடங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"நம்மளால ஆனத செஞ்சாச்சு. உட்டுடு" என்றார் வழியில்.

"உனக்கு வெரல் போச்சு, ரோசமும் போச்சா?"

சொல்லியிருக்கக் கூடாது. அவர் வலது கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நான் கிளம்பிவிட்டேன். போகாதே என்று சொல்லிவிட்டு அவரும் பின்னாலேயே வந்தார். கொட்டகை வாசலில் கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. இரும்பு அதற்குள் கிடந்தது. பெரியசாமி வெற்றிலை போட்டுக்கொண்டு சாதாரணமாக உட்கார்ந்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் வேலை அது. பவளத்தின் கால்களை நான்கு ஆட்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணில் வெள்ளை தெரிந்தது.

"உன்னத் தல காட்டாதன்னேன்ல?" என்று வைரக்கண்ணு என் மேல் பாய்ந்தார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. கொல்லைக் கதவருகே ரத்தினம்மாள் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய நான்கு பிரசவத்துக்கும் இடுப்பு நீவியவள் நான். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு இடது இடுப்பில் வலி என்று ஆறு மாசம் குனிய நிமிர முடியாமல் அவதிப்பட்டார்.

"அம்மா, புள்ள எந்த இடுப்புல இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். பிள்ளை வலது இடுப்பில் இருந்தது.

"போன வருசம் என்னா சொன்னேன் உங்களுக்கு? கொடம், புள்ள எல்லாத்தையும் எடது இடுப்புலயே வெக்கிறீங்க, ஒரு பக்கமே இழுத்துக்கிச்சு, மாத்தி வைங்கன்னு சொன்னேன்ல? மாத்துனீங்க. ஒரு மாசத்துல நிமுந்து நடந்தீங்க. இதுக்கும் அதே நோவுதாம்மா. அப்ப உங்க இடுப்புல யாரும் சூடு வெக்கலியே! இந்த வாயில்லாத சீவனுக்கு மட்டும் ஏன் வெக்கணும்?" எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் கோபமாக இருந்தது.

ரத்தினம்மாள் பிள்ளையை இறக்கிவிட்டுக் கிட்டே வந்தார். நான் எங்கே தொட வேண்டும் என்று காட்டினேன். இடது தோளில் கை வைத்தார், பிறகு வலது தோளில் வைத்தார். சரியான இடம் தெரியாமல் தடவினார். நான் யோசிக்காமல் அவர் கையைப் பிடித்து அழுத்திக் காட்டிவிட்டேன். அது பிரசவ நாள் இல்லை. அவர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"கல்லாட்டம் இருக்கே" என்றார் மெதுவாக. பிறகு ஆட்களைப் பார்த்து, "கட்ட அவுத்து உடுங்கடா" என்றார்.

"ரத்தினம், ஆகாத காரியம் பண்ணாத" என்றார் வைரக்கண்ணு.

"யாருக்கு ஆகாது? உங்களுக்கு. உங்களுக்கு ஒண்ணுன்னா தாலி யாருது போவும்? என்னுதுதானே. அப்ப நானே சுத்துறேன், வர்றது என் தலையில விடியட்டும்."

ஊரே பார்க்க, அந்த அம்மா மஞ்சள் பூசிய கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பவளத்தைக் கிணற்றைச் சுற்றி இடமாக நடத்திக்கொண்டு போனார். ஆட்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். முதல் சுற்றில் பவளத்தின் தலை ஆடியது. மூன்றாவது சுற்றில் கொஞ்சம் ஆடியது. ஏழாவது சுற்றில் பெரியசாமி எழுந்து நின்று குனிந்து பார்த்தார்.

"தலையாட்டம் பாதியா கொறைஞ்சிருக்குங்க" என்றார். "சூடு இன்னைக்கு வாணாம். பொறுத்துப் பாக்கலாம்." இரும்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் போட்டார். வைரக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பத்து வலது, பத்து இடது என்று ஆனது. வலதுக்கு வைரக்கண்ணு கயிறு பிடிப்பார், இடதுக்கு ரத்தினம்மாள். நான் தினமும் நீவினேன். சித்திரை பாதியில் தலையாட்டம் அறவே நின்றது. ஆனால் தவில் அடிக்கு ஆடுவாளா, நான்கு தெருவும் தாங்குவாளா என்பது யாருக்கும் தெரியாது. தாங்காவிட்டால் மறுநாள் பெரியசாமிக்கு ஆள் போய்விடும். வைரக்கண்ணு என்னிடமே அதைச் சொல்லியிருந்தார்.

புறப்பாட்டு நாள் சாயங்காலம் நான் எங்கள் தெருக்கோடியில் நின்றேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர். அங்கிருந்து சாமி தெரியாது, சத்தம்தான் கேட்கும். தவிலுக்கு நடுவில் சலங்கையை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டேன். முதல் முக்கு திரும்பியது. சலங்கை நான்கும் ஒழுங்காக விழுந்தது. இரண்டாம் முக்கும் அப்படியே. மூன்றாவதில் சட்டென்று எல்லாம் நின்றுவிட்டது. நான் என் வீட்டுக்காரர் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

"தேங்கா ஒடைக்கிறாங்க புள்ள" என்றார் அவர். சொல்லிவிட்டு அவரும் நுனிக்காலில் எட்டிப் பார்த்தார்.

மறுபடியும் தவில் எழுந்தது, சலங்கையும் எழுந்தது. நான்காம் முக்கும் திரும்பிக் கோயில் வாசலில் வேட்டு வெடித்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீவின கை என்னுது, ஆட்டத்தைப் பார்க்க மட்டும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் சலங்கைச் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் கேட்டது. வைரக்கண்ணு வீட்டுக்குப் போகிற வழி அது இல்லை. பார்த்தால், ஜரிகைத் துணியும் மல்லிகைச் சரமுமாகப் பவளம் எங்கள் தெருவுக்குள் வருகிறாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வைரக்கண்ணு நடந்தே வருகிறார். சாமி வராத தெரு அது. சனங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

என் முன்னால் வந்து நின்றார். வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார். "நாலு முக்கு வலமா திரும்பிட்டா. நாலு எடமாவும் திரும்பித்தான் வரணும், இல்லன்னா உள்ள உட மாட்டேன்னு ரத்தினம் வாசல்ல உக்காந்திருக்கா. ஊர எடமா சுத்துனா இந்தத் தெரு வந்துதானே ஆவணும்." பிறகு, "தொட்டுப் பாரு" என்றார்.

வலது தோளில் கை வைத்தேன். வேர்வையில் நனைந்து சூடாக இருந்தது. விரல் தாராளமாக உள்ளே போனது.

"நல்லாருக்குங்க ஆண்டை."

பவளம் பழைய ஞாபகத்தில் என் முடியைப் பிடித்து இழுத்தாள். அவள் காலை மாற்றுகிற சலங்கைச் சத்தத்தைக் கேட்டு எங்கள் தெருப் பையன் ஒருவன் தாளம் போல ஒரு தகரத்தைத் தட்டினான். அவள் காதை விடைத்துக்கொண்டு வலது முன்னங்காலைத் தூக்கினாள். தூக்கி, நிறுத்தி, வைத்தாள். மறுபடியும் தூக்கினாள். வைரக்கண்ணு கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். எங்கள் தெருவில், என் கண் முன்னால், பவளம் ஆடினாள்.

ஆடி முடித்ததும் வைரக்கண்ணு தெருக்கோடியில் அவளை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சலங்கைச் சத்தம் மறையும்வரை நான் நின்றேன்.

"அழுவுறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கோவமா வருது" என்றேன்.

அவர் மிச்சமிருந்த இரண்டு விரலால் என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"நடுங்கலியே புள்ள" என்றார்.